கீழே ஒரு வழி, மேலே ஒரு வழி: குசினியை நாமே அமைக்கும்போது

(புத்தளம் மாவட்டக் கரையோரத் தென்னந்தோட்டக் கிளைகளின் அங்கத்தவர்களுக்கு ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



சம்பளம், வேலைநாள், சேமலாப நிதி பற்றிக் கதைக்கத்தான் நாம் வழமையாகக் கூடுகிறோம். இன்று குசினியைப் பற்றிக் கதைக்கப் போகிறோம். தொழிற்சங்கத்துக்கும் குசினிக்கும் என்ன சம்பந்தம் என்று சிலர் கேட்கலாம். சம்பந்தம் இருக்கிறது. தோட்டத்தில் வேலை செய்யும்போது தேங்காய் விழுந்து அடிபட்டால், தும்பு ஆலையில் கை அகப்பட்டால், நட்டஈடு கேட்பதற்கு 1934 ஆம் ஆண்டின் தொழிலாளர் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம் இருக்கிறது. விடியற்காலையில் வேலைக்குப் போகும் அவசரத்தில் தேத்தண்ணி வைக்கப் போய் தீயில் வெந்தவருக்கு அந்தச் சட்டம் கை கொடுக்காது. வேலைக்குப் போக முடியாத நாட்களின் சம்பளமும் போய்விடும். வேலைத்தலத்தில் பாதுகாப்புக் கேட்கும் நாம், நமது காம்பராவிலும் அதைப் பற்றி யோசிக்க வேண்டும்.

நமது குசினிகளில் பெரும்பாலானவை விறகுக்காகக் கட்டப்பட்டவை. 2012 ஆம் ஆண்டின் குடிசன மதிப்பீட்டின்போது இலங்கையில் நான்கில் மூன்று பங்குக்கும் அதிகமான குடும்பங்கள் விறகில்தான் சமைத்தன. நமக்கோ சிரட்டை, பொச்சு, பாளை, பன்னாடை என்று காலடியிலேயே விறகு கிடக்கிறது. பிறகு கேஸ் வந்தது. அதற்குப் பிறகு ரைஸ் குக்கரும் கரண்ட் கேத்தலும் வந்தன. புதிய சாமான்கள் ஒவ்வொன்றாக உள்ளே வந்தன. குசினி மட்டும் பழையபடியே இருக்கிறது. ஆபத்து இங்கேதான் தொடங்குகிறது. விறகுக்குக் கட்டிய குசினிக்குள் கேஸைக் கொண்டு வந்தால், குசினியையும் மாற்ற வேண்டும். இன்று நாம் சொல்ல வந்தது இதைத்தான்.

2021 ஐ மறக்க வேண்டாம்

2021 ஆம் ஆண்டு நவம்பர், டிசம்பர் மாதங்களை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். நாடு முழுவதும் வீடுகளில் கேஸ் அடுப்புகள் வெடித்தன. நூற்றுக்கணக்கான சம்பவங்கள் பதிவாகின. சிலர் உயிரிழந்தார்கள். அடுப்பின் கண்ணாடி சிதறிப் பலர் காயப்பட்டார்கள். காரணத்தைக் கண்டறிய மொறட்டுவைப் பல்கலைக்கழகப் பேராசிரியர் சாந்த வல்பொல தலைமையில் ஒரு குழுவை ஜனாதிபதி நியமித்தார். கேஸின் கலவை மாற்றப்பட்டதுதான் முக்கிய காரணம் என்று அந்தக் குழு சொன்னது.

சமையல் கேஸ் என்பது புரோப்பேன், பியூட்டேன் என்ற இரண்டு வாயுக்களின் கலவை. நமது நாட்டின் வெப்பத்துக்கு பியூட்டேன் கூடுதலாகவும் புரோப்பேன் குறைவாகவும் இருப்பதே வழமை. ஒரே வெப்பத்தில் புரோப்பேனின் அழுத்தம் பியூட்டேனின் அழுத்தத்தைப் போல் மூன்று மடங்குக்கும் அதிகம். புரோப்பேனின் பங்கு கூடினால் சிலிண்டருக்குள் அழுத்தம் கூடும். அழுத்தம் கூடினால் பழைய குழாயிலும் தேய்ந்த ரெகுலேட்டரிலும் தளர்ந்த கிளிப்பிலும் கேஸ் கசியும்.

கலவையைச் சரியாக வைத்திருப்பது கம்பனியின் கடமை. அதைக் கண்காணிப்பது அரசாங்கத்தின் கடமை. அந்தப் பொறுப்பை நாம் யாருடைய தலையிலிருந்தும் இறக்கிவிடப் போவதில்லை. ஆனால் கசிந்த கேஸ் வெளியே போக வழி இருக்கிறதா, இல்லையா என்பது நமது குசினியின் அமைப்பில் இருக்கிறது.

2022 இல் டொலர் இல்லாமல் கேஸ் இறக்குமதி தடைப்பட்டபோது, நாட்கணக்கில் வரிசையில் நின்றவர்கள் மறுபடி விறகுக்குத் திரும்பினார்கள். அன்று முதல் பல வீடுகளில் ஒரே குசினிக்குள் விறகடுப்பும் கேஸ் அடுப்பும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன. ஒன்று கிடைக்காவிட்டால் மற்றது என்ற யோசனை புத்திசாலித்தனமானதுதான். இரண்டையும் எங்கே வைப்பது என்பதில்தான் கவனம் வேண்டும்.

கேஸ் கீழே இறங்கும், புகை மேலே போகும்

சமையல் கேஸ் காற்றை விடப் பாரமானது. பியூட்டேன் காற்றைப் போல் இரண்டு மடங்கு பாரம். கசிந்தால் மேலே போகாது. தண்ணீர் மாதிரித் தரையில் இறங்கிப் பரவி, மூலையில் தேங்கி நிற்கும். மேலே ஜன்னலைத் திறந்து வைத்திருக்கிறோம், பயமில்லை என்று நினைப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். ஜன்னலின் அடிமட்டத்துக்குக் கீழே கேஸ் அப்படியே நிற்கும். காற்றில் நூற்றுக்கு இரண்டு பங்கு அளவில் கலந்தாலே போதும், ஒரு பொறியில் பற்றிக்கொள்ளும்.

ஆகவே கேஸ் வைக்கும் குசினியில் தரையோடு ஒட்டினாற்போல் துளைகள் வேண்டும். வெளிச்சுவரில், ஒரு செங்கல் எடுத்த அளவில், குறைந்தது இரண்டு துளைகள் வையுங்கள். பாம்பு, எலி வராமல் கம்பி வலை அடியுங்கள். சாக்கு, விறகு, அரிசிப் பெட்டி எதையும் அதன் முன்னால் வைத்து அடைக்காதீர்கள். துளைக்கு வெளியே கிடங்கோ மூடிய கானோ இருக்கக் கூடாது. அதற்குள் இறங்கிய கேஸ் அங்கேயே தங்கிவிடும். உத்திரம் தாங்கும் இடத்திலும், கதவு நிலைக்குப் பக்கத்திலும் கல்லைக் கழற்ற வேண்டாம். பழைய சுவராக இருந்தால் ஒரு மேசனைக் கொண்டு செய்வதே நல்லது.

லயத்தில் இருப்பவர்கள் இன்னொன்றையும் யோசிக்க வேண்டும். பக்கத்துக் காம்பராவுக்கும் நமக்கும் சுவர் ஒன்றுதான். அந்தப் பொதுச் சுவரில் துளை போட்டால் நமது கேஸ் அவர்களுடைய காம்பராவுக்குள் போகும். நாம் ஒழுங்காக இருந்தாலும் பக்கத்துக் காம்பராவில் கசிந்தால் ஆபத்து நமக்கும்தான். அதனால் இது ஒரு வீட்டுக்காரரின் விடயம் அல்ல, முழு லயத்தின் விடயம்.

அடுப்பையும் சிலிண்டரையும் வைக்கும் விதம்

சிலிண்டரை எப்போதும் நிமிர்த்தியே வையுங்கள். மூடிய அலுமாரிக்குள்ளும், பள்ளமான இடத்திலும் வைக்க வேண்டாம். அடுப்பு சிலிண்டரை விட உயரத்தில், கல் அல்லது சீமெந்துத் தட்டில் இருக்க வேண்டும். இரண்டுக்கும் இடையில் ஒரு மீற்றராவது தள்ளி வையுங்கள். குழாய் அடுப்புக்குப் பின்னால் சூட்டில் படாமல், மடங்காமல், இழுபடாமல் கிடக்க வேண்டும்.

விறகடுப்பும் கேஸும் ஒரே அறையில் இருக்கவே கூடாது என்பதுதான் சரியான முறை. விறகடுப்பைப் பின்தாழ்வாரத்துக்கு மாற்ற முடிந்தால் மாற்றுங்கள். இடம் இல்லாவிட்டால், இரண்டையும் எதிரெதிர் மூலைகளில் வைத்து நடுவில் இடுப்பளவு சுவர் ஒன்று எழுப்புங்கள். அந்தச் சுவர் சூட்டையும் பொறியையும்தான் தடுக்கும், கசிந்த கேஸைத் தடுக்காது. எனவே விறகடுப்பில் தணல் இருக்கும்போது சிலிண்டரை மாற்றவே வேண்டாம். சாம்பலுக்கு அடியில் தணல் பல மணி நேரம் இருக்கும் என்பது நமக்குத் தெரியாததல்ல.

குழாயும் ரெகுலேட்டரும் எஸ்.எல்.எஸ். முத்திரை உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள். குழாயை 2 ஆண்டுகளுக்கு ஒரு தடவையும், ரெகுலேட்டரை 5 ஆண்டுகளுக்கு ஒரு தடவையும் மாற்றச் சொல்வது வழமை. கடற்கரையோரத்தில் அந்தக் கணக்கை நம்பி இருக்க வேண்டாம். உடப்பு, முந்தல், கற்பிட்டிப் பக்கம் உப்புக் காற்றில் கதவுப் பிணைச்சல் எத்தனை நாளில் துருப்பிடிக்கிறது என்று நமக்குத் தெரியும். அதே காற்றுத்தான் கிளிப்பையும் ரெகுலேட்டரின் ஸ்பிரிங்கையும் பேர்னரையும் தின்கிறது. வாரத்துக்கு ஒரு நாள் ஈரத்துணியால் துடைத்து, பிறகு காய்ந்த துணியால் துடையுங்கள். கிளிப்பில் துரு தெரிந்தால் அன்றே மாற்றுங்கள். துருப்பிடிக்காத எவர்சில்வர் கிளிப் கொஞ்சம் விலை கூட, ஆனால் நீண்ட நாள் நிற்கும். குழாயை வளைத்துப் பார்க்கும்போது வெடிப்புத் தெரிந்தால் அதற்கு வயது பார்க்க வேண்டாம், வெட்டி எறியுங்கள். யாராவது எடுத்துத் திரும்பப் பாவிக்கக் கூடாது.

சிலிண்டர் மாற்றும் ஒவ்வொரு தடவையும் சவர்க்கார நுரையை இணைப்புகளில் பூசிப் பாருங்கள். குமிழி வந்தால் கசிவு இருக்கிறது. நெருப்புக்குச்சி கிழித்துப் பார்க்கும் பழக்கம் சிலரிடம் இருக்கிறது. அதை இன்றோடு விட்டுவிட வேண்டும். இரவு படுக்கப் போகும்போது அடுப்பின் திருகை மட்டும் மூடாமல் ரெகுலேட்டரையும் மூடுங்கள்.

காற்றைப் பற்றியும் சொல்ல வேண்டும். மே முதல் செப்டெம்பர் வரை இந்தக் கரையில் தென்மேற்குக் காற்று பலமாக வீசும். அடுப்பு ஜன்னலுக்கு நேரே இருந்தால் காற்று சுவாலையை அணைத்துவிடும். சுவாலை அணைந்தாலும் கேஸ் வந்துகொண்டே இருக்கும். சுவாலை அணைந்தவுடன் தானாக மூடிக்கொள்ளும் அமைப்பு விலை குறைந்த அடுப்புகள் பலவற்றில் இல்லை. ஆகவே அடுப்பை ஜன்னலுக்கு நேரே வைக்காமல் சுவர் மறைவில் வையுங்கள். பானையை அடுப்பில் வைத்துவிட்டுத் தண்ணீர் எடுக்கப் போக வேண்டாம்.

விறகடுப்பும் புகையும்

புகையைச் சின்ன விடயம் என்று நினைக்க வேண்டாம். வீட்டுச் சமையல் புகையால் 2020 ஆம் ஆண்டில் உலகில் சுமார் 32 லட்சம் பேர் இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டிருக்கிறது. அதில் சின்னப் பிள்ளைகளும் அடங்குவர். நமது தாய்மாரின் இருமலையும் கண் எரிச்சலையும் வயதின் கோளாறு என்று சொல்லிக் கடத்திவிட முடியாது.

புகை மேலே போகும். அதற்குச் சுவரின் உச்சியில், கூரையோடு ஒட்டி வழி வேண்டும். கடல் நமக்கு மேற்கே இருக்கிறது. கடற்பக்கச் சுவரில் மட்டும் புகைவழி வைத்தால் காற்று புகையைத் திருப்பி உள்ளே தள்ளும். எதிர்ப்பக்கச் சுவரில் வையுங்கள்.

கூரை அஸ்பெஸ்டஸ் தகடாக இருந்தால் அதை வெட்டவோ துளைக்கவோ வேண்டாம். அந்தத் தூள் நுரையீரலுக்குள் போனால் பல ஆண்டுகளுக்குப் பிறகு புற்றுநோயாக வரக்கூடும். சுவர் வழியாகவே புகையை வெளியேற்றுங்கள்.

கூரை கிடுகாக இருந்தால் அடுப்புக்கு நேர் மேலே ஒரு தகரத்தைத் தொங்கவிடுங்கள். தகரத்துக்கும் கிடுகுக்கும் இடையில் ஒரு சாணாவது இடைவெளி விடுங்கள். ஒட்டி அடித்தால் தகரம் சூடாகிக் கிடுகைப் பற்றவைக்கும். காய வைக்கும் பாளையையும் பன்னாடையையும் அடுப்புக்கு மேலே பரணில் அடுக்க வேண்டாம்.

மூன்று கல் அடுப்பை விட அனகி அடுப்பு நல்லது. இரண்டு பானை வைக்கக்கூடிய அந்தக் களிமண் அடுப்பு இலங்கையிலேயே உருவாக்கப்பட்டது. தீ கல்லுக்கு இடையில் சிதறாமல் பானையில் படுவதால் விறகும் குறையும், பக்கவாட்டில் தீ நாக்கு வெளியே வருவதும் குறையும். அடுப்பைச் சுற்றிக் களிமண் பூசி உயர்த்திக் கட்டினால் பெண்கள் குனிந்து நிற்கும் நேரமும் குறையும், சேலைத் தலைப்பில் தீப் பிடிக்கும் ஆபத்தும் குறையும்.

சிரட்டைக் கரியைப் பற்றியும் ஒரு எச்சரிக்கை. அது புகையாமல் எரிவதால் பலர் மழை நாளில் அறைக்குள் கொண்டுபோய் வைக்கிறார்கள். அதிலிருந்து வரும் காபன் மொனொக்சைட்டுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. மூடிய அறையில் தூங்குபவர் எழும்பாமலே போய்விடலாம். ஈர விறகைப் பற்றவைக்க மண்ணெண்ணெயை ஊற்றுவதையும் நிறுத்த வேண்டும். தணல் மீது ஊற்றினால் தீ போத்தலுக்கே ஏறும்.

கரண்ட்

கரண்ட் கேத்தல் ஒன்று 2000 வோட் என்றால், நமது 230 வோல்ட் மின்சாரத்தில் அது கிட்டத்தட்ட 9 அம்பியர் இழுக்கும். அதை 5 அம்பியர் பிளக் பொயின்ட்டில், அதுவும் மல்டி பிளக் வைத்து, ரைஸ் குக்கரோடும் பிரிட்ஜோடும் சேர்த்துப் போட்டால் வயர் சூடாகி உருகும். குசினிக்குத் தனி வயரும் 13 அம்பியர் பிளக் பொயின்ட்டும் வேண்டும். ஒரே மீட்டரிலிருந்து பல காம்பராக்களுக்கு வயர் இழுத்திருந்தால் ஆபத்து இன்னும் கூடும்.

பிளக் பொயின்ட்டைத் தரையோடு ஒட்டி வைக்க வேண்டாம். கசிந்த கேஸ் நிற்பதும் அங்கேதான், கழுவும் தண்ணீர் ஓடுவதும் அங்கேதான். இடுப்புக்கு மேலே, அடுப்புக்கும் கழுவும் இடத்துக்கும் தள்ளி வையுங்கள். ட்ரிப் சுவிட்ச் இல்லாத வீட்டில் முதல் செலவு அதுவாக இருக்கட்டும். 30 மில்லி அம்பியர் என்று அதில் எழுதியிருக்க வேண்டும். மாதம் ஒரு தடவை அதன் டெஸ்ட் பொத்தானை அழுத்திப் பாருங்கள். விழாவிட்டால் அது பழுது.

நமது மண் மணல். காய்ந்த மணலில் எர்த் சரியாக வேலை செய்யாது. எர்த் கம்பி எவ்வளவு ஆழம் போகிறது, இணைப்பு உப்பில் பச்சை பூத்திருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். இந்த வேலைகளை நாமே செய்யக் கூடாது. என்.வி.கியூ. சான்றிதழ் உள்ள எலெக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள்.

தட்டுகளும் பலகைகளும்

பலகைத் தட்டு அடிப்பது நாமே செய்யக்கூடிய வேலை. அதிலும் இரண்டு விடயங்களைக் கவனியுங்கள். பிளக் பொயின்ட்டுக்கும் சுவிட்சுக்கும் நேர் மேலேயும் கீழேயும் ஆணி அடிக்க வேண்டாம். சுவருக்குள் வயர் அந்த வழியாகத்தான் போயிருக்கும். அடுப்புக்கு மேலே தட்டு வைக்க வேண்டாம். மிளகாய்த்தூள் போத்தலை எடுக்கச் சுவாலைக்கு மேலாகக் கை நீட்ட வேண்டி வரும்.

விபத்து நடந்தால்

கேஸ் மணம் வந்தால் சுவிட்சைத் தொடாதீர்கள். லைட்டைப் போடவும் வேண்டாம், அணைக்கவும் வேண்டாம். கதவு, ஜன்னல்களைத் திறந்து, ரெகுலேட்டரை மூடி, எல்லோரையும் வெளியே அனுப்புங்கள். பக்கத்துக் காம்பராக்காரரையும் எழுப்புங்கள். போனை வெளியே வந்த பிறகுதான் பாவிக்க வேண்டும். சட்டியில் எண்ணெய் பற்றினால் தண்ணீர் ஊற்றாதீர்கள். அடுப்பை மூடி, சட்டிக்கு மூடி போடுங்கள்.

உடம்பில் தீப்பட்டால் 20 நிமிடம் ஓடும் தண்ணீரில் பிடியுங்கள். பைப் இல்லாவிட்டால் கிணற்றுத் தண்ணீரை வாளியால் ஊற்றிக்கொண்டே இருங்கள். பற்பசை, தேங்காய் எண்ணெய், முட்டை எதுவும் பூச வேண்டாம். தோலில் ஒட்டிய துணியைப் பிய்க்க வேண்டாம். சுத்தமான துணியால் தளர்வாக மூடி, 1990 க்கு அழையுங்கள். சுவசெரிய அம்புலன்ஸுக்குப் பணம் இல்லை. தோட்டத்து ட்ரக்டர் வரும் வரை காத்திருக்க வேண்டாம்.

சங்கம் செய்ய வேண்டியது

இவ்வளவும் கேட்ட பிறகு உங்கள் மனதில் வரும் கேள்வி நமக்கு விளங்குகிறது. வீடு தோட்டத்துக்குச் சொந்தம், சுவரில் துளை போட்டால் நிர்வாகம் என்ன சொல்லும், காசுக்கு எங்கே போவது என்பதுதான் அது. அந்தப் பயத்தில்தான் பலர் பேசாமல் இருக்கிறார்கள். தனியாகப் போய்க் கேட்டால் மறுக்கலாம். லயம் முழுவதும் சேர்ந்து எழுத்தில் கேட்டால் மறுப்பது இலேசல்ல. தரைத் துளை, புகைவழி, ட்ரிப் சுவிட்ச், எர்த் ஆகியவை வீட்டின் பகுதிகள். வீட்டைத் தருபவர்தான் அவற்றைத் தர வேண்டும் என்பது நமது நிலைப்பாடு. குழாய், கிளிப், ரெகுலேட்டர் நமது பொறுப்பு.

ஒவ்வொரு கிளையிலும் மூன்று பேர் கொண்ட குழு ஒன்றை அமைப்போம். அதில் இருவர் பெண்களாக இருக்கட்டும். குசினியில் நிற்பவருக்குத்தான் குசினியின் குறை தெரியும். குழு லயம் லயமாகப் போய்க் கீழே வழி இருக்கிறதா, மேலே வழி இருக்கிறதா, ட்ரிப் சுவிட்ச் இருக்கிறதா, குழாய் எப்போது வாங்கியது என்ற நான்கு கேள்விகளையும் கேட்டுக் காம்பரா இலக்கத்தோடு எழுதட்டும். அந்தப் பட்டியலோடு நிர்வாகத்துக்குக் கடிதம் போகட்டும். பதிலுக்கு ஒரு திகதியும் கேட்போம்.

சொந்தக் காணியில் வீடு உள்ளவர்களுக்கு ஒரு செய்தி. 2012 ஆம் ஆண்டின் திருத்தச் சட்டப்படி, ஓய்வு பெறும் முன்பே வீட்டுத் தேவைக்காகச் சேமலாப நிதியின் 30 வீதம் வரை பெற முடியும். குறைந்தது 10 ஆண்டு பங்களிப்பும் கணக்கில் 3 லட்சம் ரூபாவும் இருக்க வேண்டும். உங்கள் தேவை அதில் அடங்குமா என்பதைக் கிளைச் செயலாளரிடம் கேட்டுப் பாருங்கள். தரமில்லாத குழாயோ ரெகுலேட்டரோ விற்கப்பட்டால் நுகர்வோர் அதிகார சபைக்கு 1977 என்ற இலக்கத்தில் முறையிடலாம். பில்லைக் கேட்டு வாங்கி வையுங்கள்.

இன்று வீட்டுக்குப் போனதும் முதலில் குழாயைப் பாருங்கள். பிறகு தரையைப் பாருங்கள், கேஸ் கசிந்தால் எந்த வழியால் வெளியே போகும் என்று உங்களையே கேளுங்கள். வழி இல்லையென்றால் காம்பரா இலக்கத்தை எழுதிக் கிளையில் கொடுங்கள். கடிதம் எழுதும் வேலையை அங்கிருந்து தொடங்குவோம்.